முந்தானை விரித்த இடம்

எங்கள் ராயபுரம் பங்கு ஆலயத்தில் பாதிரியார் அல்லாத எனக்கும் நற்கருணை வழங்க அனுமதி உண்டு. அதற்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலியில், ஆண்டவரின் உடலாகவே நாங்கள் வணங்கும் நற்கருணை அப்பம் ஒன்று என் கை தவறித் தரையில் விழுந்தது. அதை எடுத்து உட்கொண்டு, விழுந்த இடத்தை உடனே துணியால் மூடி, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பது முறை. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், அவசரமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டினேன். வரிசையிலிருந்த ஒரு பெண் அங்கேயே முழங்காலிட்டார். பக்தி மிகுதி என்று எண்ணி, சற்று நகர்ந்து நின்று கொடுத்தேன்.

திருப்பலி முடிந்து ஆலயம் காலியான பிறகும் அவர் எழவில்லை. முந்தானை தரையில் விரிந்திருந்தது. காசிமேட்டில் மீன் விற்பவர். அவருடைய கூடை வெளியே வெயிலில் இருந்தது.

"இன்னாக்கா, வூட்டுக்குப் போவலியா?"

"ஆண்டவரு வுயுந்த எடம் சார். யாராச்சும் மெதிச்சிட்டா?"

"மீனு கெட்டுடுமே!"

"அது கெடக்கட்டும். நீ மொதல்ல தண்ணி கொண்டா."

நான் மண்டியிட்டுக் கழுவி முடித்த பிறகே அவர் கூடையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினேன். கடவுளுக்கு முன்னால் பட வேண்டிய வெட்கத்தை, நான் ஆட்களுக்கு முன்னால் பட்டிருக்கிறேன்.