சிதம்பரத்தில் ஓடிய பக்கம்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட நான், ஜாவா என்ற கணினி மொழியில் இணையப் பக்கம் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றேன். அன்று கடலூரில் ஒரு மருத்துவமனைக்கு நான் செய்த டோக்கன் பக்கத்தை அவர்கள் சர்வரில் ஏற்றினேன். நோயாளிகளின் பெயர் வரவேண்டிய திரையில், பக்கம் ஓடத் தேவையான டேக் லைப்ரரி என்ற துணை பைல் கிடைக்கவில்லை என்று பிழைச் செய்திதான் வந்தது. முந்தின நாள் சிதம்பரத்தில், எங்கள் ஆபீஸில் ஒழுங்காக ஓடிய பக்கம் அது.

"டாக்டர் வர்றதுக்குள்ள ஓடலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்" என்று எங்கள் ஆபீஸ் முதலாளி போனில் சொல்லிவிட்டார். லைப்ரரியின் பெயரை எழுத்தெழுத்தாகப் பத்து முறை சரிபார்த்தேன். எனக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியவில்லையோ என்று பதினோராவது முறையும் பார்த்தேன்.

"இன்னா சார், நாங்க டோக்கன் எழுதுற நோட்டே தேவலாம் போலயே" என்று சிரித்தாள் வரவேற்பில் இருந்த பெண்.

ஆபீஸில் முதலாளிக்கு எதிர் மேசையில் இருக்கும் நண்பனுக்கு போன் போட்டேன். "மச்சான், என் வேல போவப்போவுதுடா. அந்த லைப்ரரி பைல் எங்க இருக்கு, பாரு."

"நம்ம சர்வர் போல்டர்ல கெடக்கு. நீதான போட்ட? உன் புராஜெக்ட்டுக்குள்ள இல்லவே இல்ல, அங்க எப்புடிடா ஓடும்?"

அவன் அனுப்பிய பைலைப் புராஜெக்ட்டுக்குள் வைத்து ஏற்றியதும் பெயர்கள் வந்தன. டாக்டரின் கார் வாசலில் நின்றது.

"அவுங்க சர்வர்லதான கோளாறு?" என்று முதலாளி போனில் கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றேன். எதிர் மேசையில் நண்பன் பேசியதை அவர் காதில் வாங்கிவிட்டுத்தான் அப்படிக் கேட்டாரோ என்ற பயம் இன்னும் விடவில்லை.