ஒற்றைத் துணியில் அடித்த ஐலெட்

வேறு சோலியே இல்லையா உங்களுக்கு, நான் நடுங்கிய கதையைக் கேட்க? சரி, கேளுங்கள்.

தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கையில் பிள்ளைகளுக்கு மரத்தில் சேலைத் தொட்டில் கட்டுவோம். என் பேத்திக்கு மட்டும் பகட்டாக, கித்தான் துணியின் மூலைகளில் துளையிட்டு, என் சுருக்குப்பைக்குப் போடுவதுபோல் பித்தளை வளையமான ஐலெட் அடித்துக் கயிறு கோத்துக் கட்டினேன். துணியை மடித்துத் தடிப்பாக்கவில்லை. ஐலெட்டைத் துணியோடு இறுக்கும் பின்பக்க வளையமும் போடவில்லை.

மரத்தடியிலேயே செங்குத்துச் சரிவு. ‘டர்’ரென்று சத்தம். ஒரு ஐலெட் துணியைக் கிழித்துக்கொண்டு கயிற்றோடு வந்துவிட்டது. பிள்ளை தலைகீழாகச் சரிந்தாள். மருமகள்தான் பாய்ந்து பிடித்தாள்.

“அத்தே, இனிமே ஒங்க அலங்காரமெல்லாம் ஒங்க சுருக்குப்பையோட இருக்கட்டும்!” என்று அழுதாள்.

இப்போது ஐலெட் என்றால் மடித்துத் தைத்த துணியில், பின்வளையத்தோடு, பைக்கு மட்டும்தான். தொட்டிலுக்குச் சேலை.

“ஏன் பழையபடி சேலைக்கே மாறிட்டீக?” என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டார்கள்.

“பித்தள மினுக்குல பிள்ளைக்கு ஒறக்கம் வரலயாம்டி” என்றேன், பிய்ந்துவந்த ஐலெட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.