பாலத்தில் முதலில் போனவர்

1971 டிசம்பர் 20 தேதியிட்ட தந்தி ஒன்று எங்கள் பம்பாய் மாதுங்கா வீட்டில் இருந்தது. டிசம்பர் 11 அன்று மேற்கு எல்லையில் நடந்த சண்டைக்குப் பிறகு என் அண்ணனைக் காணவில்லை என்றது அது. அடுத்த பிப்ரவரியில் அவருடைய மேலதிகாரி ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கால்வாய், அதன்மேல் ஆள் நடக்க மட்டும் இடம் தரும் மரப்பாலம், அக்கரையில் கருவேலந் தோப்பு, தோப்புக்குள் அண்ணன் தலைமை தாங்கிய பிரிவு. விடியற்காலையில் எதிரி தாக்கினான். பின்வாங்க உத்தரவு போனது. பிரிவில் பெரும்பகுதி இக்கரை சேர்ந்தது, அண்ணன் சேரவில்லை. உடல் கிடைக்கவில்லை. பின்னால் வந்த போர்க்கைதிகள் பட்டியலில் பெயரும் இல்லை. எங்களிடம் இருந்த ஆதாரம் இவ்வளவுதான்.

அண்ணனின் மனைவியை மன்னி என்று கூப்பிடுவேன். தந்தி வந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு, பெண் குழந்தைக்கு ஐந்து. சர்க்கார் சில வருஷங்கள் பார்த்துவிட்டு, இறந்ததாகக் கொள்கிறோம் என்று எழுதி ஓய்வூதியம் கொடுத்தது. மன்னி அதை வாங்கிக்கொண்டார். பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. 1983 முடிந்ததும் சாஸ்திரிகள் வந்து, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்றார். மன்னி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

1986இல் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் முகூர்த்தம். பிள்ளை வீட்டார் செம்பூர்க்காரர்கள், நல்ல மனுஷர்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயரை எப்படிப் போடப்போகிறீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார்கள். கேட்காமல் இருக்கவும் முடியாது. பெயருக்கு முன்னால் 'திரு' என்று இருந்தால் மன்னி சுமங்கலி, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கலாம். 'காலஞ்சென்ற' என்று இருந்தால் தன் ஒரே பெண்ணின் கல்யாணத்தில் பின்வரிசை. கிங்ஸ் சர்க்கிளில் இருந்த அச்சகக்காரர் ஆடி முடிவதற்குள் வாசகம் கேட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சின்னக் கம்ப்யூட்டர் பட்டறையில் தூசி படிந்து கிடந்தது. வீட்டு டிவியில் சொருகுகிற மாதிரி, ரப்பர் விசைகளோடு, நாம் எழுதுவதைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்கிற வகை. நீங்க படிச்ச ஆளு, வச்சு ஏதாச்சும் பண்ணுங்க என்று கொடுத்துவிட்டார். ஆபீஸ் இல்லாத நாட்களில் நான் அதில் பழைய காலாட்படைச் சண்டைகளைத் திருப்பி நடத்திக்கொண்டிருந்தேன். 1761 பானிபட், 1803 அசாயே. புத்தகங்களில் படைவரிசையைப் பார்த்து, எண்களாக்கி, யார் எங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்ப்பேன்.

கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தால் மூலைவாட்டில் போகிற படை அதிக தூரம் போய்விடுகிறது என்று ஒருநாள் முனகிக்கொண்டிருந்தபோது, மன்னி கோலப்பொடியை எடுத்துத் தரையில் ஊடுபுள்ளி வைத்துக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஆறு புள்ளி, எல்லாம் சம தூரம். அதற்கப்புறம் என் போர்க்களங்கள் எல்லாமே ஊடுபுள்ளியில்தான்.

பிள்ளை வீட்டார் வந்துபோன மறுநாள் மன்னி என்னிடம் சொன்னார்: "யாரோட பானிபட்டையோ நாள்பூரா திருப்பித் திருப்பி நடத்தறயே. இவரோடதை நடத்து. வந்திருக்க முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியணும்."

கம்ப்யூட்டர் அதைச் சொல்லாது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷமாக யாரும் எதையும் சொல்லவில்லை, இதாவது ஏதாவது சொல்லட்டும் என்றார்.

கடிதத்தில் இருந்த கால்வாய், பாலம், தோப்பு. பிரிவை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட காய்களாக்கினேன். அண்ணன் ஒன்று, மற்ற ஒன்பதும் சிறு சிறு குழுக்கள். ஒரு சுற்றுக்கு ஒரு காய்தான் பாலத்தைக் கடக்கலாம். எதிரியின் குண்டு எங்கே விழும், பாலம் எப்போது உடையும் என்பதெல்லாம் பகடை போட்ட மாதிரி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது முதல் தடவை ஓட்டினோம். அண்ணன் இக்கரை வந்துவிட்டார். மறுபடி ஓட்டினோம், மறுபடியும் வந்தார். சில ஆட்டங்களில் தோப்பிலேயே இறந்தார். பாதிக்கு மேல் வந்தார்.

மன்னியின் முகத்தை அப்படி நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. இக்கரை வந்தவர் வழிதவறிப் பிடிபட்டிருக்கலாம், பெயர் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். பத்திரிகைக்கு 'திரு' என்று எழுதித் தந்தார். அச்சகத்துக்குப் போகாமல் அதை நான் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, எதுவென்று தெரியவில்லை.

இதற்கிடையில் மேலப்பாளையத்துக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் பெல்ட் கொடுக்கிற செம்பூர் தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு நிற்பவர் பழைய ஹவில்தார், திருநெல்வேலிப் பக்கம், அண்ணனின் பிரிவிலேயே இருந்தவர். ஜூலை 27 ஞாயிறு பிற்பகல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னியைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உட்காரவைக்கவே நேரம் பிடித்தது.

தோப்பு சரிதான், பாலம் இன்னும் ஒடுக்கம் என்றார். காயம்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு தாண்டியதாகச் சொன்னார், ஏழாம் காயை அவருக்கு வைத்தேன். டிவியில் களத்தைப் பார்த்து ரொம்ப ஆச்சரியப்பட்டார். நான் ஓட்டிக் காட்டினேன். ஒன்றாம் எண் பாலத்தில் ஏறியதும் அவர் என்னைப் பார்த்தார்.

"இது யாரு சார், முதல்ல போறது?"

"உங்க சாப்தான். எங்க அண்ணா."

நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்துச் சிரித்துவிட்டார். "என்ன சார் சொல்லுதிய? லங்கர்ல சோறு வாங்கவே சாப் கடேசியாத்தான் வருவாவ. தின்னு முடிங்கலேன்னு எங்களை அதட்டுவாவ. அவுஹளாவது முதல்ல போறதாவது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாம் விசையை அமுக்கி மாற்றாவிட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றிலும் காய்களை எண் வரிசையில் கூப்பிடும். ஒன்று கடந்த பிறகுதான் இரண்டு. அண்ணனுக்கு ஒன்றாம் எண்ணை நான் யோசித்துக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பந்தியில் முதல் இலை மூத்தவருக்கு. நமஸ்காரம், ரயிலில் ஜன்னலோரம், பேப்பரின் முதல் படிப்பு, எல்லாம் அப்படித்தான். கை தானாக அந்த வரிசையில் எழுதிவிட்டது. பகடை அவரைக் காப்பாற்றவில்லை. நான் மூத்தவரை முதலில் கூப்பிட்டதால் அவர் பிழைத்துக்கொண்டிருந்தார்.

ஹவில்தார் மன்னியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். மன்னி இல்லை என்று தலையசைத்து என் பக்கம் திரும்பினார்.

"அவரைக் கடைசியாப் போடு. எல்லாரும் போனப்புறம்தான் அவர்னு வை."

மாற்றினேன். மற்ற ஒன்பது காய்களும் கடக்கும்வரை அவர் பாலத்தில் ஏற முடியாது. அதற்குள் பாலம் உடைந்தது. அடுத்த ஆட்டத்தில் பாலம் நின்றது, தோப்பு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று முந்திக்கொண்டது. மன்னி என்னை நகரச் சொல்லிவிட்டு விசைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். எந்தக் காயைப் பாலத்துக்கு அனுப்புவது, எதைத் தோப்பில் நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கிற விசைகள் மூன்றே மூன்று. கற்றுக்கொண்டுவிட்டார். காயம்பட்டவர் இருந்த காயை முதலில் அனுப்பிப் பார்த்தார். கடைசியில் அனுப்பிப் பார்த்தார். காபி ஆறிப்போனது. ரப்பர் விசைகள் அமுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு ஆட்டத்தில் அண்ணன் வந்துவிட்டார். மன்னி மறுபடி அதே மாதிரி ஆடினார், அண்ணன் மறுபடியும் வந்தார். எப்படி என்று நான் பார்த்தேன். ஏழாம் காய் ஹவில்தாரும் அவர் தூக்கிவந்த காயம்பட்டவரும். மன்னி அதையும் இன்னும் நான்கு காய்களையும் தோப்பின் முன்விளிம்பில் நிறுத்தியிருந்தார். அவர்கள் சீக்கிரமே அழிந்தார்கள். அழிந்தவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாலம் உடைவதற்குள் அண்ணனின் முறை வந்துவிட்டது.

மன்னிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மூன்றாம் முறை ஏழாம் காயை விளிம்புக்கு நகர்த்தும்போது கை நின்றது. அருகில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மனுஷரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

ஹவில்தார் திரையைப் பார்த்தார். "ஆமா மேம்சாப். பரவால்ல, ஆடுங்க. நான்தான் இங்கன உக்காந்திருக்கேனே."

மன்னி எழுந்து டிவியை அணைத்தார். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுத்த வயரையும் பிடுங்கிவிட்டார். அப்புறம், சமையலுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்கிற குரலில் என்னிடம் சொன்னார்: "காலஞ்சென்றன்னே அடிக்கச் சொல்லு."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். பிடிபட்டவரும் செத்தவரும் என் திரையில் ஒரே மாதிரிதான் மறைவார்கள், அதை நான் பிரிக்கவில்லை, பிரித்துப் பார்க்கலாம் என்று. "உன் பகடை சொல்றதையா பத்திரிகையில போடறது" என்றார். "அவர் வரணும்னா இவர் அங்கே கிடந்திருக்கணும். நான் அஞ்சு காய் நிறைய மனுஷாளைக் கொன்னுட்டேண்டா, இப்போ, அரை மணிக்குள்ளே." அதற்குப் பிறகு உள்ளே போய்விட்டார். ஹவில்தார் எழுந்து, மூடிய கதவுக்கு இன்னொரு சல்யூட் வைத்தார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தர்ப்பை உருவம் செய்து எரித்தோம். நான்தான் செய்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. நானும் என் மனைவியும் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தோம். மன்னி கூடத்தின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெண் இரண்டு தடவை மணையிலிருந்து எழுந்து போய் அவரைக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை.

வருஷா வருஷம் திவசம் செய்யச் சாஸ்திரிகள் திதி கேட்டார். 1971 டிசம்பர் 11 பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தேன். அன்று நண்பகலை ஒட்டித் தேய்பிறை நவமி முடிந்து தசமி பிறக்கிறது. அதற்கு முன் இறந்திருந்தால் நவமி, பின் என்றால் தசமி. ஹவில்தாரை மறுபடி போய்ப் பார்த்தேன். காயம்பட்டவரைத் தோளில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டியது காலையில் என்றார். திரும்பிப் பார்த்தபோது சாப் மரத்தடியில் உட்கார்ந்து ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம். பிற்பகலில் முதலுதவிக் கூடாரத்தில் கிடந்தபோது கால்வாய்ப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக அவருக்கு நினைவு. அது அக்கரையிலிருந்து வந்ததா, இக்கரையில் நம்முடையதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவரோடு கூடாரத்தில் இருந்த வேறு யாரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நவமியில்தான் செய்துவருகிறோம். அது சரியான திதிதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.