கடல் பக்கம் கிறுகு

விடியச் சுபஹு தொழுத கையோடு செய்தி வந்தது. பொத்துவிலிலிருந்து காக்கா, அவளுடைய மூத்த அண்ணன், பேசினார்.

"வாப்பா மௌத்தாகிட்டாரு, தங்கச்சி. அடக்குற மையவாடியில தண்ணி ஏறுது. பகல் லுஹர் தொழுகையோட அடக்குறம். உன்னால வரேலுமா?"

"வாறன்" என்றாள் ஸம்ஸியா. போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். கணவன் ஸஹீத் கொழும்புக்குச் சாமான் வாங்கப் போனவன். வெள்ளத்தில் பஸ் நின்று மகியங்கனையில் கிடந்தான். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை அவள் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. அவளுக்கு இடதும் வலதும் தடுமாறும். உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியை, இதயத்தின் எந்த அறை எந்தப் பக்கம் என்று பிழையில்லாமல் சொல்வாள். சந்தியில் 'இடது' என்றால் மட்டும் கை மறுபக்கம் போகும்.

அந்தப் பழைய ஜப்பான் கார் வீட்டுக்கு வந்த நாளில் அதற்குள் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. சாவியைத் திருப்பினால் ஜப்பான் மொழியில் ஏதோ கேட்கும். திரையில் இருந்ததும் ஜப்பான் வரைபடம்தான். இவர்களின் கார் எப்போதும் நடுக்கடலில் நிற்கும். கல்முனை பஸாரில் போன் திருத்தும் ஸஹீத், ஒரு நோன்பு மாதம் முழுக்க காரின் முகப்பைக் கழற்றிப் போட்டு அந்த வழிகாட்டிக் கருவியைப் பிடுங்கி எடுத்தான். அந்த இடத்தில் உள்ளங்கையளவு கணினிப் பலகையொன்றையும் உடைந்த டப்லெட் ஒன்றின் திரையையும் பொருத்தினான். இலங்கை வரைபடம் முழுவதும் ஒரு மெமரி கார்டுக்குள் அடங்கியது. வரைபடத்தில் இல்லாத வட்டைப் பாதைகளை, வயல்களுக்கு நடுவே மேட்டில் போகிற வழிகளை, மாமனாரை, ஸம்ஸியாவின் வாப்பாவை, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்துத் தானே சேர்த்தான். வழி சொல்வதற்குத் தன் குரலையே பதிந்தான்.

"ஜப்பான்காரிய வெளிய போட்டுட்டு நீங்க உள்ளுக்க குந்திட்டீங்களா?"

"அவள் கதைச்சது உனக்கு விளங்கல்ல. நான் கதைக்கிறது விளங்குதுதானே?"

"விளங்குதுதான். கேக்கத்தான் மனமில்ல."

முதல் ஓட்டத்தில் 'இடது பக்கம் திரும்பு' என்று அவன் குரல் சொல்ல, கார் சாய்ந்தமருதில் ஒரு இறைச்சிக் கடை வாசலில் போய் நின்றது. அன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிட்டான். இந்தக் கரை ஊர்களில் யார் இடம் வலம் சொல்கிறார்கள்? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். 'கடல் பக்கம் கிறுகு.' 'வயல் பக்கம் கிறுகு.' இப்படி ஊர்ப் பேச்சிலேயே புதிதாகப் பதிந்தான். அதன் பிறகு ஸம்ஸியா ஒரு சந்தியிலும் பிழைவிடவில்லை.

ஸஹீதின் தங்கை அஸீஸாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் போனில் சிக்னல் இல்லாமல் போனது. திருக்கோவிலுக்கு அப்பால், தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு முன்னால், குடையோடு நின்ற ஒருவர் கையைக் காட்டி மறித்தார்.

"தாம்போதிக்கு மேலால தண்ணி பாயுது பிள்ள. பஸ்ஸே போகல்ல."

ஸம்ஸியா காரைத் திருப்பினாள். கருவி வேறு வழியைத் தேடியது. பிறகு ஸஹீதின் குரல்: "வயல் பக்கம் கிறுகு."

அஸீஸாவுக்குத் தன் காக்காவின் குரலில் நம்பிக்கை இல்லை. "மச்சி, எங்கட காக்காட கதைய நம்பியா வட்டைக்குள்ள இறங்கப் போற? சீனி வாங்கிட்டு வரச் சொன்னா உப்போட வாற மனுசன்."

"வேற ஆர நம்புற, மச்சி?"

மேட்டுப் பாதை மட்டும் தெரிந்தது. வயல், வாய்க்கால், வரம்பு எல்லாம் தண்ணீருக்குள். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் குரல் மறுபடி வந்தது: "கடல் பக்கம் கிறுகு."

அஸீஸா சுற்றிப் பார்த்தாள். "அல்லாஹ்வே, ரெண்டு பக்கமும் கடல்தானே!"

ஸம்ஸியா காரை நிறுத்தினாள். வெயில் இல்லை, பனை இல்லை, அலைச் சத்தம் இல்லை. பிழையாகத் திரும்பினால் லுஹர் போய்விடும். வாப்பாவின் முகம் மண்ணுக்குள் போய்விடும். அவள் ஜன்னல் கண்ணாடிகளைப் பார்த்தாள். தன் பக்கத்தில் தூறல் மெல்ல வழிந்தது. அஸீஸாவின் பக்கத்தில் மழை கல்லெறிந்தது போல் விழுந்தது.

"காத்து கடலால வருது, மச்சி. உன்ட பக்கம்தான் கடல்."

அந்தப் பக்கம் காரைத் திருப்பினாள். மேடு ஏறி இறங்கி, தாம்போதிக்கு அப்பால், கார் பெரிய றோட்டில் ஏறியது. அஸீஸா அதுவரை உரக்க ஓதிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நிறுத்தினாள்.

வாப்பாவின் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது கபன் துணியால் முகத்தை இன்னும் மூடியிருக்கவில்லை. அவளுக்காகத்தான் வைத்திருந்தார்கள். நோயில் சுருங்கிக் கிடந்த நெற்றி விரிந்திருந்தது. நல்ல தூக்கத்தில் இருக்கிறவர் மாதிரி. அழுகைக்கு முன்னால் அவளுக்கு வந்தது ஒரு நீண்ட மூச்சு. பக்கத்தில் இருந்து யாஸீன் ஓதினாள். பிறகுதான் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஹீதின் அழைப்பு கிடைத்தது.

"எப்பிடிப் புள்ள போய்ச் சேந்த?"

"நீங்க சொன்ன வழியாலதான். ஒண்டத்தான் நீங்க சொல்லல்ல."

"என்னத்த?"

"ஊட்டு வாசலுக்கு வந்தும் வாயே திறக்கல்ல. நான் கடந்து போகப் பாத்தன்."

மறுமுனையில் அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. "வந்து சேந்திட்டம் எண்டு சொல்றத்த இன்னும் பதியல்ல, புள்ள. கடைசியாப் பதியலாம் எண்டு விட்டன்."

வாப்பாவுக்கான கத்தம் ஓதி முடிந்து கார் மருதமுனைக்குத் திரும்பிவிட்டது. அந்த ஒரு வசனம் இன்னும் பதியப்படவில்லை.