போ-ஹான் அண்ணன் குடிவந்த கட்டடம்

என் மனைவி ஷூ-யுன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் மண்டபத்துத் தூண்களைத்தான் பார்ப்பாள். மணப்பெண்ணெல்லாம் அப்புறம்தான். கட்டடப் பொறியாளரைக் கட்டிக்கொண்டவன் இதையெல்லாம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். நான் சோயாப்பாலும் முட்டை ரொட்டியும் விற்கிற காலைக்கடைக்காரன். தைவானின் கிழக்குக் கரையில், அடிக்கடி தரை ஆடுகிற ஊர் எங்களுடையது. ஆட்டம் நின்றதும் கரண்டியை எடுத்து வேலையைத் தொடர்வோம்.

அவள் மீனவர் வீட்டுப் பெண். படித்து முடித்து வேலை தேடி அலைந்தபோது தன் அலுவலகத்தில் இடம் கொடுத்தவர் ஜுவாங் போ-ஹான். அதே கல்லூரியில் அவளுக்குப் பல வருடம் மூத்தவர். எங்கள் பக்கம் கல்லூரி சீனியர் என்றால் சாகும்வரை சீனியர்தான். அவர் எழுந்தால் நாமும் எழ வேண்டும், அவர் கோப்பை காலியானால் நாம்தான் நிரப்ப வேண்டும். எங்கள் கல்யாணத்தில் மேடையேறி வாழ்த்துச் சொன்னவரும் அவரே. எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோயில் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், தூணில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று, அப்போது தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்த ஷூ-யுன்னைக் கூப்பிட்டார். அவள் பூச்சை உடைத்துப் பார்த்தாள். தூணுக்குள் நிற்கிற கம்பிகளைச் சுற்றி வளையம் போடுவார்கள். வளையத்தின் முனை உள்பக்கமாக மடங்கிக் கொக்கி போட்டிருக்க வேண்டும். இங்கே பேருக்கு வளைத்துவிட்டிருந்தார்கள். பெரிய ஆட்டம் வந்தால் வளையம் பிரிந்து தூண் நொறுங்கிவிடும். வேலையை மேற்பார்வை பார்த்த பொறியாளர் யார் என்று தேடினால், வரைபடத்தில் போ-ஹான் அண்ணனின் முத்திரை இருந்தது.

நேரே அவர் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"கட்டும்போது ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா அண்ணா?"

அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். "உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? போகல. பில்டர் முத்திரையக் கேட்டான், வாடகைக்கு விட்டேன். ஊர்ல யாரு விடல, சொல்லு பாப்போம்."

"நான் விடல."

"உன்கிட்ட எவன் கேட்டான்?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்களே நகராட்சியில போய்ச் சொல்லிடுங்கண்ணா. தூணைப் பலப்படுத்திடலாம். கணக்கெல்லாம் நான் போட்டுத் தரேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லித்தான் ஆகணும்."

"என் மேலயா?"

"மேல மாடியில ஆளுங்க குடியிருக்காங்கண்ணா."

அவர் எழுந்துகொண்டார். நாங்களும் எழுந்தோம். வாசல்வரை வந்து, குடை இருக்கிறதா என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

அவள் புகார் கொடுத்தாள். விசாரித்த குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரோடு குடித்துப் பழகியவர்கள். இனிமேல் கவனமாக இருக்கவும் என்று அவருக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்துக் கதையை முடித்தார்கள். இதற்குப் பெயர் விசாரணையாம்.

அந்த வருடக் கடைசியில் பொறியாளர் சங்க விருந்து. எங்கள் விருந்துகளில் முழுக்கோழி வைப்பார்கள். அந்தக் காலத்தில் முதலாளி கோழித் தலையை யார் பக்கம் திருப்புகிறாரோ அவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பதோடு சரி. அன்று சங்கத் தலைவர் எங்கள் மேசைக்கே வந்து, தட்டைச் சுழற்றிக் கோழித் தலையை ஷூ-யுன்னுக்கு நேரே நிறுத்திவிட்டுப் போனார். மண்டபமே பார்த்தது. அவள் கோழித் தலையைப் பிய்த்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கடித்துத் தின்று முடித்தாள்.

அவர்களைக்கூட விடுங்கள். அந்தக் கட்டடத்துக்காரர்கள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. யாருக்காக இவள் இவ்வளவும் பட்டாளோ, அவர்களே என் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். முன்னால் நின்ற ஒருவர் கத்தினார்.

"உன் பொண்டாட்டி வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டாளா? ஆபத்தான கட்டடம்னு பேரு வந்தா எங்க வீட்டை எவன் வாங்குவான்?"

"உயிரு போனா வீடு எதுக்குய்யா?" என்றேன்.

"நீ ரொட்டியத் திருப்பு, கருகுது" என்றார் அந்த மனிதர்.

மற்றத் தூண்களைத் திறந்து பார்க்கக்கூட அவர்கள் விடவில்லை. இருந்தாலும் சிலருக்கு உள்ளே பயம். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தம்பதி காலி செய்தார்கள். இன்னும் சிலர் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் போ-ஹான் அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார். அதே கட்டடத்தில் காலியாக இருந்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவந்தார். வாசலில் பட்டாசு வெடித்தார்கள். "ஆபத்தான எடம்னா நானே வந்து படுப்பேனா?" என்று எல்லோரிடமும் சொன்னார். வீடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை நிறுத்தினார்கள்.

ஷூ-யுன் அவர் கதவைத் தட்டாத வாரமில்லை. "என்னைத் திட்டுங்க, அடிங்க, இங்க மட்டும் இருக்காதீங்கண்ணா" என்று கெஞ்சுவாள். அவர் கதவைத் திறந்ததே இல்லை.

குளிர் விடுகிற சமயம், நான் விடியலில் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். தரை ஆடியது. நிற்கவில்லை. சோயாப்பால் அண்டா கவிழ்ந்து தெருவெல்லாம் ஓடியது. ஷூ-யுன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோயில் தெருவுக்கு ஓடினாள். கட்டடத்தின் கீழ்த்தளங்கள் நசுங்கிப் போயிருந்தன. எங்கே முட்டுக் கொடுத்தால் உள்ளே போகலாம் என்று மீட்புக்காரர்களுக்குக் காட்ட வேறு ஆள் இல்லை. பிரிந்து தொங்கிய வளையங்களுக்கு நடுவே நின்று அவள்தான் காட்டினாள். மருந்துக்கடைக்காரரை எடுத்தார்கள், அவர் பேத்தியை எடுத்தார்கள். என்னைத் திட்டிய அந்த மனிதரையும் எடுத்தார்கள். போ-ஹான் அண்ணன் கடைசியில் வந்தார். ஒருவருக்கும் உயிர் இல்லை.

அதன்பிறகு அவள் சாப்பிடவில்லை. "நான் புகார் குடுக்கலேன்னா அவரு அங்க போயிருக்க மாட்டாரு. நான்தான் கொன்னேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அவர் செய்த தப்புக்கு நீ ஏன் சாகிறாய் என்று கத்தினேன். ஒன்றும் எடுபடவில்லை.

சாவு மண்டபத்துக்குப் பிடிவாதமாக வந்தாள். போ-ஹான் அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, செத்தவருக்காக எரிக்கிற காகிதத் தாமரைகளை மடித்துக்கொண்டிருந்தார். செருப்பால் அடிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் ஊதுபத்தியைப் பற்றவைத்து ஷூ-யுன் கையில் கொடுத்தார்.

"உன் மேல வருத்தமில்லம்மா. நீ சொன்னது சரின்னு அவருக்கும் தெரியும்."

"தெரியுமா?"

"நானும் கூட வரேன்னு எவ்வளவோ கேட்டேன். நீ நம்ம பொண்ணு வீட்டுலயே இருன்னுட்டாரு. அங்க ஒரு ராத்திரிகூட என்னைப் படுக்க விடல."

ஷூ-யுன் ஊதுபத்தியைத் தாழ்த்தினாள்.

"உங்களை அங்க படுக்க விடலங்கறதை அந்தக் கட்டடத்துல யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணி?"

அண்ணி அடுத்த தாளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஷூ-யுன் ஊதுபத்தியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அண்ணன் படத்தை வணங்காமல் வெளியே வந்தாள்.