சீமை வாத்துகளோடு நடந்த இன்ஸ்பெக்டர்

முனிரத்தினம் இறந்துபோன செய்தி எனக்கு ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் கிடைத்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சுகாதார ஆபீஸில் பியூனாக இருந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். "நம்ம இன்ஸ்பெக்டர் பூட்டாரும்மா. காலையில காபி குடிச்சுட்டு நாற்காலியில சாஞ்சவரு, அப்படியே…" என்றார். பொறுக்கிய காயை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா, நினைவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ அசைந்து போய்க்கொண்டே இருந்தது.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்றால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாருக்கும் ஆகாது. அவருடைய காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்ததும் ஆடுகள் கட்டிலுக்கு அடியில் போகும். கோழிகள் கூடைக்குள் போகும். அதே ஆபீஸில் நான் அம்மை குத்தும் வேலையில் இருந்தேன். என்னைக் கண்டால் பிள்ளைகள் ஓடும், அவரைக் கண்டால் கோழிகள் ஓடும் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த சமயம் அது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்த ரோசம்மாவுக்கு, துரைசாணி புறப்படும்போது தன் சீமை வாத்துகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். நீண்ட கழுத்தும் ஆரஞ்சு மூக்குமாகப் பெரிய வெள்ளை வாத்துகள். ரோசம்மா அவற்றைத் தன் லைன் வீட்டுக்கு ஓட்டிவந்தாள். அவள் கணவர் சவரி, சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறை துளைத்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, ஜன்னலோரக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். வாத்துகள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது அவருக்கு இருமல் அடங்குகிறது என்று ரோசம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

அந்தக் கோடையில் லைனில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பைப்படியைச் சுற்றி வாத்து எச்சம் கிடப்பதாகப் புகார். லைன் வீடுகளில் ஆடு, கோழி, பன்றி, வாத்து எதுவும் வளர்க்கக்கூடாது என்பது ஏற்கெனவே இருந்த விதிதான். முனிரத்தினம் உத்தரவு சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன்.

"நாளைக்குள்ள அப்புறப்படுத்தணும்மா. இல்லன்னா ஆளுங்க வந்து பவுண்டுப் பட்டியில அடைக்க ஓட்டிக்கினு பூடுவாங்க."

"எங்க சார் கொண்டும்போவேன்? குடுத்தவ கப்பல்ல பூட்டா. இந்த மனுசன் அப்பால இன்னாத்தப் பாத்துக்கினு படுத்திருப்பாரு?" என்றாள் ரோசம்மா.

கட்டிலிலிருந்து சவரி கை அசைத்தார். "சார் சொல்றது ரைட்டு, ரோசா. கொயந்தைங்க குடிக்கிற தண்ணி. போவட்டும் உடு." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். முனிரத்தினம் அந்தக் கட்டிலருகே இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பவுண்டு ஆட்கள் வரவில்லை. இன்ஸ்பெக்டரே ஒரு நீளக் குச்சியோடு வந்து வாத்துகளைத் தன் குவார்ட்டர்ஸுக்கு ஓட்டிப்போனார். அது லைனுக்கு வெளியே, வேலி போட்ட பெரிய காம்பவுண்டு. அங்கே வளர்க்கத் தடையில்லை. அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம்.

அன்று சாயங்காலம் முதல் அந்த ஊர்வலம் தொடங்கியது. சவரியின் ஜன்னலுக்கு எதிரே பொட்டல். பொட்டலுக்கு அப்பால், தங்கம் பிரித்தபின் ஆலையிலிருந்து கொட்டிய சயனைடு மண் மலைமலையாகக் கிடக்கும். வெயில் சாயும் நேரத்தில் அந்த மண் பழுத்த எலுமிச்சையின் நிறத்துக்கு வரும். காற்று கிளப்பிய புழுதியில் தரை எது, வானம் எது என்று தெரியாது. அதற்குள்ளிருந்து வெள்ளை வாத்துகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். பின்னால் காக்கி உடுப்பில் முனிரத்தினம், கால் தரையில் படாதவர்போல மெதுவாக வருவார். ஷிப்டு முடிந்து வருபவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். ஜன்னலுக்குள் ஒரு கை உயரும். நின்று பார்த்தால் எனக்கு என் வயது மறந்துபோகும்.

"ஊரே சிரிக்குதே, முனிரத்தினம்?" என்றார் எங்கள் பெரிய டாக்டர்.

"லைன்ல வளக்கத்தான் சார் தடை. பொட்டல்ல நடக்கத் தடை இல்லீங்களே."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் சவரி இறந்தார். ரோசம்மா பேத்தமங்களாவில் தங்கை வீட்டோடு போய்த் தங்கினாள். வாத்துகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முனிரத்தினம் மாட்டுவண்டி பிடித்தார், நானும் ஏறிக்கொண்டேன். ஊருக்கு வெளியே ஒரு குட்டையருகே ரோசம்மா காத்திருந்தாள். பங்களாத் தொட்டியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத வாத்துகள் கரையிலேயே திகைத்து நின்றன. முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் நனைய இறங்கி, "வாங்க, வாங்க" என்று மரியாதையாக அழைத்தார். ஒன்று இறங்கியது. பிறகு எல்லாம் இறங்கின. ரோசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

திரும்பும் வழியில், "எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"உத்தரவச் சொல்லிட்டு உடனே திரும்பியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. ஒரு நிமிஷம் நின்னுட்டேன்" என்றார்.

ஊசியைக் குத்தியதும் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது அதுவரை என் வழக்கம். பிறகு, அழும் பிள்ளை பக்கத்தில் கொஞ்சம் நிற்கத் தொடங்கினேன். இன்றும் யாரிடமாவது முடியாது என்று சொல்ல நேர்ந்தால் உடனே கதவைச் சாத்துவதில்லை. அந்த ஒரு நிமிஷம் முனிரத்தினம் எனக்கு விட்டுப்போனது.