சட்டைப்பையில் இருந்த பியூஸ் கட்டை

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "அப்பா தூக்கத்துல நிம்மதியா போனார்னு எழுதிடவாம்மா?" என்று கேட்டாள். தூக்கத்தில் போகிற மனுஷரா அவர்? நடந்ததை எழுது என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பக்கத்துத் தெருவில் இருக்கும் அலுவலகக் கட்டடத்தில் கடைசிவரை வேலை. லிப்டின் தலைமேல் ஏறி நின்று பழுது பார்க்க வேண்டும். அந்த நேரம் கீழே ஒருவன் மெயின் சுவிட்சைப் போட்டால் மேலே இருப்பவன் கதி அவ்வளவுதான். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் போனார். அதிலிருந்து இவர், உள்ளே ஏறுமுன் மின்பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பீங்கான். அது இல்லாமல் லிப்ட் நகராது.

கல்யாணமான புதிதில், ஒரு பலகை எழுதி மாட்டினால் போதாதா என்று கேட்டேன்.

"படிக்காதவனுக்குப் பலகை புரியாது, படிச்சவனுக்குப் பொறுமை கிடையாது. பையில இருந்தா எவன் எடுப்பான்?" என்றார்.

ஆனால் மறதிக்காரர். வேலை முடிந்ததும் கட்டையைப் பையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். அங்கே ஊரே படியேறி மூச்சு வாங்கும். பின்னாலேயே வாட்ச்மேன் வந்து, "அண்ணி, எங்க லிப்டு உங்க வீட்டுக்கு வந்திருக்கா?" என்பார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்துகூட எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பேத்திக்கு அவர் மார்மேல் படுத்தால்தான் தூக்கம் வரும். ஒருநாள் காதை வைத்துப் படுத்தவள், "தாத்தா, உள்ள என்னமோ தட்டுது" என்றாள்.

"கட்டைதான் கண்ணு" என்றார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டை என் மடியில் இருந்தது. பை காலி. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மாடிப்படியில் பாதியில் நிற்பார். கேட்டால் செருப்பு வார் கடிக்கிறது என்பார். டாக்டரிடம் கூப்பிட்டால், பழைய மெஷின் என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்பார். நான் விடவில்லை. கடைசியில், மறுநாள் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே வந்தார். அதே கேள்வி. நான் வாசலைப் பார்த்தேன். அவர் செருப்பு இல்லை.

"உங்க அண்ணனே இன்னும் வரலையே."

"கூப்பிட்டுப் பார்த்தோம் அண்ணி, உள்ள சத்தமே இல்ல. எங்கயாவது டீ குடிச்சுக்கிட்டு நிப்பாரு. பரவால்ல, வேற கட்டை வாங்கியாச்சு. இந்நேரம் மாட்டியிருப்பாங்க."

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. கட்டை வீட்டுக்கு வரவில்லை என்றால் அது அவர் பையில் இருக்கிறது. அவர் வீட்டுக்கு வரவில்லை என்றால் அந்தச் சட்டையோடு இன்னும் உள்ளே இருக்கிறார். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

எலக்ட்ரீஷியன் புதுக் கட்டையும் கையுமாகப் பெட்டியைத் திறந்திருந்தார். நடுவில் புகுந்து, பெட்டிக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டேன். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர் முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார். நான் நகரவில்லை.

"எல்லா மாடியிலயும் கூப்பிட்டாச்சும்மா. உள்ள இருந்தா பதில் சொல்லமாட்டாரா?"

"பதில் சொல்ல முடியாம இருந்தா?" என்றேன்.

எலக்ட்ரீஷியன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, சாவியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே இரும்புக் கதவு கிறீச்சிட்டது. இறங்கி வந்தவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

லிப்டின் தலைமேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கால்கள் வெளியே, எதிர்ச்சுவருக்கும் லிப்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தனவாம். லிப்ட் ஒரு முழம் நகர்ந்திருந்தால் எனக்கு முழு மனுஷர் கிடைத்திருக்கமாட்டார். மத்தியானமே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அவரைக் கீழே கொண்டுவந்து கிடத்தியதும் பைக்குள் நானே கையை விட்டேன். கட்டை சில்லென்று இருந்தது. எலக்ட்ரீஷியனிடம் நீட்டினேன்.

"இப்ப மாட்டிக்கங்க."

மாட்டினார். லிப்ட் முனகிக்கொண்டே கீழே வந்து கதவைத் திறந்தது. யாரும் ஏறவில்லை.